பனிக்காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகலையா? பணம் செலவழிக்கும் முன் இதைப் பாருங்கள்

மார்கழி பிறந்துவிட்டால் தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் விடியும் முன்பே பனி புகை மாதிரி இறங்கிவிடும். நாலரைக்கு எழுந்து, தொழுவம் கூட்டி, பால் கறந்து, கேனை வண்டியில் கட்டும்போது மணி ஆறு ஆகிவிடுகிறது. அப்போதும் இருட்டுதான். ஆறரைக்குள் சொசைட்டிக்குப் போய்ச் சேர வேண்டும். அதைத் தவறவிட்டால் காலைப் பாலை டீக்கடையில் கேட்ட விலைக்கு ஊற்றிவிட்டு வர வேண்டியதுதான்.

சில வருடங்களுக்கு முன்பு அப்படி ஒரு காலை. கார்பரேட்டர் வைத்த பழைய வண்டி. முப்பது தடவை கிக்கரை உதைத்திருப்பேன். அந்தக் குளிரிலும் சட்டை நனைந்துவிட்டது. வண்டி மூச்சு விடவில்லை. அன்று பால் டீக்கடைக்குத்தான் போனது. அதே நாள் பட்டறையில் விட்டேன். கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, புது பிளக்கும் போட்டுக் கொடுத்தார்கள். 900 ரூபாய் ஆயிற்று. நாலாம் நாள் காலையில் மறுபடியும் அதே கதை.

தொழுவ வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனைவிதான் சொன்னார்: "ஏங்க, அன்னைக்கும் முந்தின நாள் சாயங்காலம் வண்டியத் தண்ணி அடிச்சுக் கழுவுனீங்க. நேத்தும் கழுவுனீங்க. நடுவுல ரெண்டு நாள் ஒழுங்காத்தானே போச்சு?"

அப்போதுதான் குனிந்து இன்ஜினைப் பார்த்துக்கொண்டே உதைத்தேன். பிளக்கின் தலையில் மாட்டியிருக்கும் ரப்பர் தொப்பியில், அதாவது பிளக் கேப்பில், நீல நிறத்தில் சின்னச் சின்னப் பொறி ஓடியது. கேப்பில் முடி அளவுக்கு ஒரு விரிசல். ஈரம் உள்ளே இறங்கியதும், பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் விரிசல் வழியே இன்ஜின் உடம்பில் இறங்கிக்கொண்டிருந்தது. பகல் வெளிச்சத்தில் பட்டறையில் இது யார் கண்ணிலும் படாது. துணியால் துடைத்து, அடுப்படியில் கொஞ்சம் சூடு காட்டி மாட்டியதும் மூன்றாவது உதைக்கு வண்டி கிளம்பியது. புது கேப் வாங்க நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

அதிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். வண்டி எப்போது மக்கர் செய்கிறது, எப்படி மக்கர் செய்கிறது என்று முதலில் கவனிக்க வேண்டும். ஸ்பேனரைக் கையில் எடுப்பது அதற்குப் பிறகுதான்.

குளிரில் மட்டும் ஏன்?

பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எரியாது. ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் தீப்பிடிக்கும். குளிரில் அது சரியாக ஆவியாகாது. அதனால் முதல் சில நொடிகளுக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் பெட்ரோல் தேவைப்படுகிறது. அதற்காகத்தான் சோக் வைத்திருக்கிறார்கள்.

இன்ஜின் ஆயிலும் குளிரில் கெட்டியாகி இன்ஜினைச் சுற்றவிடாமல் பிடிக்கும். பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை மந்தமாகி அதன் பலமும் குறைந்துவிடும். பளு கூடுகிற அதே நேரத்தில் தள்ளுகிற சக்தி குறைகிறது. வெயில் காலத்தில் எப்படியோ ஒப்பேற்றிக்கொண்டிருந்த பழைய பிளக், பலமில்லாத பேட்டரி எல்லாம் மார்கழியில் அம்பலமாவது இதனால்தான். ஊட்டி பக்கம் தலைகுந்தா போன்ற இடங்களில் புல்லின் மேல் உறைபனி படியும் நாட்களில் இன்னும் மோசம்.

வண்டி என்ன சொல்கிறது?

செல்ஃப் பட்டனை அமுக்கினால் 'டக் டக்' என்று சத்தம் மட்டும் வருகிறதா? விளக்கு மங்குகிறதா? கோளாறு பேட்டரியிலோ, அதன் முனைகளிலோ இருக்கிறது.

இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் ஒரு தடவைகூடப் பிடிக்கவில்லையா? பெட்ரோல் வரவில்லை, அல்லது பொறி வரவில்லை.

பிடித்துப் பிடித்து நின்றுவிடுகிறதா? பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவு சரியில்லை. சோக், ஏர் ஃபில்டர், கார்பரேட்டர் பக்கம் பாருங்கள்.

பெட்ரோல் வாடை குப்பென்று அடிக்கிறதா? பெட்ரோல் அதிகமாகி பிளக் நனைந்துவிட்டது.

இந்த நான்கில் எது என்று தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

வரிசையாகப் பாருங்கள்

செலவில்லாததை முதலில் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கையும் ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்று கடைசிவரை தெரியாது.

1. பெட்ரோல்: டேங்கில் இருக்கிறதா, டேப் திறந்திருக்கிறதா, ரிசர்வில் போடவேண்டுமா என்று பாருங்கள். டேங்க் மூடியில் காற்று போக ஒரு சின்னத் துளை உண்டு. அதில் மண் அடைத்தாலும் பெட்ரோல் இறங்காது. மூடியைத் திறந்துவைத்து உதைத்தால் வண்டி கிளம்புகிறது என்றால் கோளாறு அங்கேதான்.

2. சோக்: முழுதாகப் போடுங்கள். ஆக்சிலரேட்டரைத் தொடாதீர்கள். நிறையப் பேர் இங்கேதான் தவறு செய்கிறோம். சோக் போட்டுவிட்டு ஆக்சிலரேட்டரையும் முறுக்கினால், சோக் செய்யும் வேலை வீணாகிவிடும். வண்டி பிடித்ததும் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் ஓடவிட்டு, சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள். தள்ள மறந்து ஓட்டினால் பிளக் கரி பிடித்து, மறுநாள் காலை மறுபடியும் தகராறு செய்யும்.

3. பெட்ரோல் அதிகமாகிவிட்டால்: சோக்கை எடுத்துவிடுங்கள். ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறந்து பிடித்துக்கொண்டு ஐந்தாறு தடவை உதையுங்கள். உள்ளே தேங்கியது காற்றோடு வெளியேறும். அப்படியும் கிளம்பாவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள்.

4. பிளக்: கழற்றிய பிளக்கின் நுனி நிறத்தைப் பாருங்கள். வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில் உள்ளே எரிகிறது. வெள்ளையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கரியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் துடைக்கலாம். நுனி இடைவெளி பெரும்பாலான வண்டிகளுக்கு 0.6 முதல் 0.9 மி.மீ. வரை இருக்கும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது வாங்கும்போது கொடுத்த புத்தகத்தில் இருக்கிறது.

5. பிளக் கேப், வயர்: என் வண்டியில் நடந்தது இதுதான். இருட்டில் உதைத்துப் பாருங்கள். கேப்பைச் சுற்றியோ வயரிலோ பொறி தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். அந்த நேரத்தில் கையால் தொட வேண்டாம், ஷாக் அடிக்கும்.

6. ஏர் ஃபில்டர்: உழவு நடக்கும் காட்டு வழியில் ஓடும் வண்டிக்கு, புத்தகத்தில் சொன்ன கணக்குக்கு முன்பே ஃபில்டர் அடைத்துவிடும். காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக்கூடாது. உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகக் காற்றடித்துத் தூசியை எடுக்கலாம், அதிகம் அழுக்கானால் மாற்றிவிடலாம். ஸ்பாஞ்சு ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாகக் காயவைத்து, லேசாக எண்ணெய் பூசி மாட்ட வேண்டும்.

7. பெட்ரோலில் தண்ணீர்: இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவுக்கு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். கார்பரேட்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, வரும் பெட்ரோலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். அடியில் தனி அடுக்காக எதுவும் நின்றால் டேங்கையும் காலி செய்து சுத்தம் செய்ய வேண்டும். இந்த வேலையைத் திறந்த வெளியில், இன்ஜின் ஆறிய பிறகு செய்யுங்கள். பக்கத்தில் பீடி, அடுப்பு, விளக்கு எதுவும் கூடாது.

8. பேட்டரி: முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தால் சுடுதண்ணீர் விட்டுத் தேய்த்து, துடைத்து, இறுக்கி, லேசாக வாசலின் தடவுங்கள். மீட்டர் இருந்தால் வண்டி நிற்கும்போது 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது ஏறத்தாழ 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். வராவிட்டால் பேட்டரி சார்ஜ் ஆகவில்லை, புது பேட்டரி போட்டும் பயன் இருக்காது. தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். போர்வெல் தண்ணீர் பேட்டரியைக் கொன்றுவிடும்.

இத்தனையும் பார்த்தும் கிளம்பவில்லை, கிக்கரை உதைத்தால் எதிர்ப்பே இல்லாமல் லொடலொடவென்று இறங்குகிறது என்றால், வால்வு அல்லது பிஸ்டன் ரிங் பிரச்னையாக இருக்கலாம். அது மெக்கானிக் வேலை. "பெட்ரோல் வருகிறது, பொறி வருகிறது, கம்ப்ரஷன்தான் இல்லை" என்று சொல்லிக் கொடுத்தால் அவருக்கும் நேரம் மிச்சம், உங்களுக்கும் செலவு மிச்சம்.

சோக் இல்லாத புது வண்டிகள்

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்த பிறகு விற்ற வண்டிகளில் பெரும்பாலானவை எஃப்.ஐ. வண்டிகள். அவற்றில் இன்ஜின் சூட்டை ஒரு சென்சார் பார்த்துச் சொல்ல, கம்ப்யூட்டரே கூடுதல் பெட்ரோல் விடும். சாவியைப் போட்டவுடன் பட்டனை அமுக்காதீர்கள். டேங்க் பக்கம் 'ம்ம்ம்' என்று பம்ப் சத்தம் இரண்டு மூன்று நொடி கேட்கும். அது நின்ற பிறகு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜின் படம் போட்ட விளக்கு அணையாமல் எரிந்தால் சென்சார் கோளாறு இருக்கலாம். அதற்குச் சோதனைக் கருவி வைத்திருப்பவரிடம்தான் போக வேண்டும்.

எந்த வண்டியானாலும் செல்ஃபை ஒரே மூச்சில் ஐந்து நொடிக்கு மேல் அமுக்க வேண்டாம். பத்து நொடி ஓய்வு கொடுத்து மறுபடி முயலுங்கள்.

முந்தின நாள் சாயங்காலமே

வண்டியைக் கூரைக்கு அடியில் நிறுத்துங்கள், அல்லது இன்ஜின் ஆறியதும் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். பனிக்காலத்தில் மாலையில் கழுவாதீர்கள். கழுவ வேண்டுமென்றால் காலை வெயிலில் கழுவி, ஒரு சுற்று ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் வையுங்கள். காலி இடம் கூடக்கூட உள்ளே ஈரம் படியவும் இடம் கூடும். குளிர் தொடங்கும் முன் இன்ஜின் ஆயிலை மாற்றிவிடுங்கள். ஆயில் டப்பாவில் 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40 என்று போட்டிருக்கும். முதல் எண் சிறியதாக இருந்தால் குளிரிலும் எளிதாக ஓடும். ஆனால் உங்கள் வண்டிக்குப் புத்தகம் எதைச் சொல்கிறதோ அதையே ஊற்றுங்கள்.

இதை மட்டும் செய்யாதீர்கள்

இன்ஜினுக்கு அடியில் காகிதம், வைக்கோல் கொளுத்திச் சூடு காட்டுவதைச் சில ஊர்களில் பார்த்திருக்கிறேன். மேலே பெட்ரோல் டேங்க் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. குளிருக்குப் பயந்து கதவைச் சாத்திய அறையிலோ தொழுவத்திலோ வண்டியை ஓடவிடுவதும் அதே அளவு ஆபத்து. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மனிதரையும் மாட்டையும் சத்தமில்லாமல் மயக்கிக் கொன்றுவிடும். வண்டியை வெளியே தள்ளிக் கொண்டுவந்துதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

வாசகர்கள் கேட்டவை

சோக் போட்டால் ஓடுகிறது. பத்து நிமிடம் கழித்துத் தள்ளினாலும் நின்றுவிடுகிறது. ஏன்?

இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை. கார்பரேட்டரில் ஸ்லோ ஜெட் அடைத்திருக்கலாம். கார்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள ரப்பர் வெடித்துக் காற்று புகுந்தாலும் இப்படித்தான் ஆகும். ரப்பரை முதலில் பாருங்கள், அதற்குச் செலவு இல்லை.

இரண்டு மாதம் ஓட்டாமல் நின்ற வண்டி. என்ன செய்யலாம்?

பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட்டிருக்கும். கார்பரேட்டரில் தங்கியதை வடித்துவிட்டு, புது பெட்ரோல் விடுங்கள். பேட்டரியை வெளியே சார்ஜ் ஏற்றுங்கள். இனி நிறுத்தும்போது பெட்ரோல் டேப்பை மூடி, கார்பரேட்டரில் உள்ளது தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள்.

கிக்கர் இல்லாத வண்டி. பேட்டரி இறங்கிவிட்டது. தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?

கியர் வண்டியானால் செய்யலாம். சாவியைப் போட்டு, இரண்டாம் கியரில், கிளட்சைப் பிடித்துக்கொண்டு தள்ளி, வேகம் வந்ததும் கிளட்சை விடுங்கள். எஃப்.ஐ. வண்டியில் பம்ப் ஓடும் அளவுக்காவது பேட்டரியில் உயிர் இருக்க வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டரை இப்படித் தள்ளிக் கிளப்ப முடியாது. மலைச் சரிவில் பால் கேனோடு இதைச் செய்யாதீர்கள். கேனை இறக்கி வைத்துவிட்டுத் தள்ளுங்கள்.

என் வீட்டில் இப்போதும் மார்கழி முழுக்கப் பிளக் ஸ்பேனர், ஒரு உபரி பிளக், காய்ந்த துணி மூன்றும் தொழுவத்து மாடத்தில் இருக்கும். சாயங்காலம் நான் தண்ணீர்க் குழாயைக் கையில் எடுத்தால் வீட்டிலிருந்து முதல் குரல் வந்துவிடும்: "காலையில கழுவிக்கலாம், விடுங்க!"