குன்றின்மேல் ஒரு பங்களா

கோல சிலாங்கூரில், புக்கிட் மெலாவத்தியின் உச்சியில் 1907இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கத்தைப் பகலிலேயே பார்த்துவிடலாம். கம்போங் குவாந்தானில் ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் மினுக்கும் மின்மினிகளைக் காணவோ இருட்டும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் இவ்வூருக்கு வருவோரில் பலர் ஓர் இரவு தங்கிச் செல்கின்றனர்.

பயணம் செல்லும் இடத்தில் புதிய விடுதியைவிடப் பழைய வீட்டில் தங்குவதையே விரும்புவோர் உண்டு. பினாங்கில் சியோங் ஃபாட் சீ கட்டிய நீல மாளிகை இன்று தங்கும் விடுதியாகவும் இயங்குகிறது. அந்த மாளிகையைவிட நம் முன்னோர் வாழ்வுக்கு நெருக்கமானவை தோட்ட நிர்வாகிகள் குடியிருந்த வீடுகள். தோட்டத்து மக்கள் அவற்றைத் 'துரை பங்களா' என்றனர். இலங்கையின் மலையகத்தில், அட்டன் வட்டாரத்தில், இத்தகைய சில பங்களாக்கள் 2005 முதல் பயணிகளுக்கு வாடகைக்கு விடப்படுகின்றன. அவற்றுள் ஒன்றான டின்சின் பங்களா 1888இல் கட்டப்பட்டது.

பழைய பங்களாவில் முதன்முதலாகத் தங்குபவருக்கு எல்லாம் விந்தையாகத் தோன்றும். வீடு தரையில் அமராமல் தூண்களின்மேல் நிற்கும். கூரையோ எட்டாத உயரத்தில் இருக்கும். சுவர்களின் மேற்பகுதியில் காற்றுத் துளைகள் இருப்பதால், ஓர் அறையில் பேசுவது அடுத்த அறையிலும் கேட்கும். இரகசியம் பேச ஏற்ற வீடன்று! சமையலறையைத் தேடினால், அது வீட்டின் பின்னால் தனியே நிற்கும். கூரையிட்ட நடைபாதை வழியாகத்தான் அங்குப் போக வேண்டும்.

இவை கட்டியவரின் கிறுக்குத்தனம் அல்ல. மின்விசிறி இல்லாத காலத்தில் வெப்பக் காற்று மேலெழுந்து வெளியேற உயர்ந்த கூரையும் காற்றுத் துளைகளும் உதவின. தூண்கள் ஈரத்தையும் கறையானையும் தள்ளி வைத்தன. விறகடுப்பின் புகையும் தீயும் வீட்டை அண்டாதிருக்கச் சமையலறை விலகி நின்றது. குன்றின்மேல் காற்று வரும். அங்கிருந்து பார்த்தால் தோட்டமும் தெரியும். நிர்வாகிக்கு அதுவும் தேவையாக இருந்தது.

வட சிலாங்கூரில் அத்தகைய வீடு ஒன்று உலக இலக்கியத்திலும் இடம்பெற்றது. ஆன்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1905இல் மலாயாவுக்கு வந்து, தோட்டத் தொழிலோடு மலாயையும் தமிழையும் கற்றார். பின்னர், சிலாங்கூர் ஆற்றை அடுத்த ரந்தாவ் பாஞ்சாங்கில் இரப்பர்த் தோட்டம் அமைத்து, குன்றின்மேல் வீடு கட்டினார். அந்த வீட்டின் பெயர் 'பனைகளின் இல்லம்'. அதே பெயரில் ஒரு வீடு, அவர் எழுதிய 'மலேசி' என்ற நாவலில் வருகிறது. கதை சொல்பவர் அங்கு வந்து தங்கும் ஒருவர்தான். அந்நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது.

அவர் தோட்டத்தில் அழகுக்காக நடப்பட்ட செம்பனைகளே பிறகு பெருந்தொழிலாக வளர்ந்தன. 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம், பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் உருவானது. இன்று அவ்வூரின் பெயர் பெஸ்தாரி ஜெயா. தோட்டத்தின் பெயரோ அன்றும் இன்றும் 'தென்னமரம்'. செம்பனைத் தோட்டத்துக்குத் தென்னையின் பெயர், அதுவும் தமிழ்ப் பெயர்!

பழைய பங்களாக்களில் பயணிகள் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. சிலவற்றில் குளியலறைக்கு வெளிப்புறத்திலிருந்து ஒரு தனிப் படிக்கட்டு ஏறும். குழாய் வசதி இல்லாத காலத்தில் தண்ணீர் சுமந்து வந்தவரும் கழிவு வாளியை எடுத்துச் சென்றவரும் அதன் வழியாகவே வந்து போயினர். முன்வாசலும் வரவேற்பறையும் அவர்களுக்கு உரியவையாக இருக்கவில்லை.

வேலை முடிந்ததும் அவர்கள் திரும்பிச் சென்றது குன்றின் அடியிலிருந்த லயங்களுக்கு. ஒரே நீண்ட கூரையின்கீழ் வரிசையாக அமைந்த சிறு வீடுகள் அவை. ஒரு குடும்பம் முழுவதும் ஓரிரு அறைகளில் வாழ்ந்தது. பங்களாக்கள் சில பழுதுபார்க்கப்பட்டு வாடகைக்கு வருகின்றன. லயங்களோ பல இடங்களில் இடிக்கப்பட்டுவிட்டன. அவற்றில் வாழ்ந்த பெரியவர்கள் இன்னும் பல குடும்பங்களில் இருக்கின்றனர். இருள் விலகும் முன் பெரட்டுக் களத்துக்கு ஓடியதையும், பொதுக் குழாயடியில் வரிசையில் நின்றதையும் அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.