போலி மரபணு: ஒரு சொல்லாய்வு

இலக்கணத்திற் போலி என்பது பொருள் மாறாமல் ஓரெழுத்தின் இடத்தே மற்றோரெழுத்து வந்து நிற்றல். பந்தல் ‘பந்தர்’ என நின்றாலும் நிழல் குறைவதில்லை. உயிரியலார் போலி மரபணு எனக் குறிப்பதோ, மூலத்தை ஒத்திருந்தும் புரதம் ஆக்கும் ஆற்றல் இழந்த படியினை. இப்பெயர் ஆண்டுப் பொருந்துமா என்பதனைப் ‘பி-டென்’ என்னும் மனித மரபணுவைக் கொண்டு ஆராய்வாம்.

வளர்ச்சிக் குறிப்பு உயிரணுவை அடையுங்கால், அதன் படலத்திலுள்ள கொழுப்பு மூலக்கூறொன்றில் பாஸ்பேட்டு ஏற்றப்படும். ‘பெருகுக’ என்னும் ஏவல் அதன் வழியே உட்செல்லும். 403 அமினோ அமிலங்களாலாகிய பி-டென் புரதம் அப்பாஸ்பேட்டை நீக்கி ஏவலை அடக்கும். அடக்குவது இல்லையெனின் கட்டி தோன்ற வழியுண்டு.

இம்மரபணு கண்டறியப்பட்டது இல்லாமையின் வாயிலாகவே. மூளை, மார்பகம், புராஸ்டேட்டு ஆகியவற்றின் கட்டிகளில் 10ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் 23ஆம் பட்டைப் பகுதி அடிக்கடி இழக்கப்பட்டிருந்தது. பல கட்டிகளுக்கும் பொதுவாய் விடுபட்ட சிற்றிடத்தைத் தேடிச் சுருக்கியவிடத்து இது கிடைத்தது. 1997இல் ராமோன் பார்சன்சு குழுவினர் உள்ளிட்ட மூன்று குழுவினர் தனித்தனியே இதனைக் கண்டு மூன்று பெயரிட்டனர். (ஒரு பொருட்குப் பல பெயரிடும் வழக்கம் புலவர்க்கே உரியதன்று போலும்!) கௌடன் நோயுடைய குடும்பங்களில் இதன் பிறழ்ச்சி வழிவழி வருதலும் அவ்வாண்டே தெளிவாயிற்று.

1998இல் இதன் போலி 9ஆம் குரோமோசோமின் குறுங்கையில் இருப்பது வெளியாயிற்று. மூலத்தினின்று எழுந்த செய்தி ஆர்.என்.ஏ. மீண்டும் டி.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டு வேறோரிடத்தே பதிந்தமையால், மூலத்திலுள்ள இன்ட்ரான்கள் இதன்கண் இல்லை. புரதம் தொடங்குதற்குரிய குறியும் திரிந்துவிட்டது. ஆகவே புரதம் பிறவாது. ஈண்டு எழுத்துத் திரிபு பொருளையே அழித்தது என்க.

இவ்வொப்புமை ஆய்வாளர்க்கு இடரும் விளைத்தது. ஆர்.என்.ஏ.வைக் கொண்டு பி-டென்னைச் சோதிப்போர் போலியின் திரிபுகளை நோயாளியின் பிறழ்ச்சி எனப் பிழைபடக் கொள்ளக் கூடும். போலியின் இருப்பிடத்தையும் அமைப்பையும் அறிந்தமையாலன்றோ, இன்ட்ரான் பகுதியைப் பற்றி நின்று மூலத்தை மட்டும் பிரித்தெடுத்தல் இயல்வதாயிற்று!

இனி, ‘பொய்ம்மரபணு’ எனலாகாதோ எனின், ஆகாது என்பதே எம் கருத்து. 2010இல் பாண்டோல்பி குழுவினர் வெளியிட்ட ஆய்வு, போலியினின்று எழும் ஆர்.என்.ஏ. வீணன்று எனக் காட்டிற்று. பி-டென்னின் செய்தியைத் தாக்கி அடக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைப் போலி தன்மேல் ஏற்றுக்கொள்ள, மூலம் தப்புகின்றது. ஒன்றன் இடத்தே மற்றொன்று நிற்றல் என்னும் இலக்கணப் பொருள் இவ்வகையால் ஓரளவு பொருந்துகின்றது. புற்றுக்கட்டிகள் சிலவற்றில் இப்போலியின் இடமும் இழக்கப்பட்டிருத்தலை அவ்வாய்வே எடுத்துக் காட்டுகின்றது.