ஒரு கார்பன் அணு குறைந்தால்...

கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் திரவமானியைக் கொண்டு நீர்மங்களின் ஒப்படர்த்தியைக் காணும் சோதனை ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அச்சோதனையைச் செய்துகொண்டிருந்த மாணவர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "சார், இந்தக் கருவியை வைத்து விஷச் சாராயத்தைக் கண்டுபிடித்திருக்க முடியாதா?"

அவர் ஓசூருக்கு அருகே எல்லையோரக் கிராமம் ஒன்றிலிருந்து வருபவர். 2008 மே மாதம் அவருடைய சித்தப்பா கலப்படச் சாராயம் குடித்தார். உயிர் தப்பிவிட்டார், ஆனால் கண்பார்வை போய்விட்டது.

அன்று வகுப்பு முடியும்வரை அந்தக் கேள்விக்குத்தான் விடை தேடினோம். அந்த விடையை இப்போது உங்களுக்கும் சொல்கிறேன்.

எல்லைக்கோட்டின் இரு புறமும்

ஓசூரை அடுத்த ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி வந்துவிடும். சில நிமிடப் பயணம்தான். ஆனால் மதுவைப் பற்றிய சட்டம் அங்கே மாறிவிடுகிறது. நம் அரசியலமைப்பில் மது மாநிலங்களின் அதிகாரப் பட்டியலில் இருப்பதே இதற்குக் காரணம்.

இந்த மண்ணுக்கு மதுவிலக்கு வரலாற்றில் தனி இடம் உண்டு. ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்தவர் இராஜாஜி. அவர் சென்னை மாகாண முதல்வராக இருந்தபோது, 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கியது. அன்று ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவையே. பின்னர் தமிழ்நாட்டில் 1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 1974-இல் மீண்டும் வந்தது. 1981-இல் மறுபடியும் விலகியது. 2003 முதல் சில்லறை மது விற்பனையை அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்தி வருகிறது. கர்நாடக அரசோ 2007 ஜூலையில் சாராய விற்பனைக்குத் தடை விதித்தது.

மலிவான சாராயம் கடையிலிருந்து மறைந்தது. ஆனால் அதை நாடியவர்களின் பழக்கம் மறையவில்லை. அந்த இடைவெளியில் கள்ளச்சாராயம் புகுந்தது. 2008 மே மாதம் பெங்களூர், கோலார் பகுதிகளிலும் நமது கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 150-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்கு உழைப்பவர்கள்.

இரட்டையர் போன்ற இரு நீர்மங்கள்

குடிக்கும் மதுவில் இருப்பது எத்தனால், அதாவது ஈத்தைல் ஆல்ககால். அதன் மூலக்கூறில் 2 கார்பன், 6 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. மெத்தனால், அதாவது மீத்தைல் ஆல்ககாலின் மூலக்கூறில் 1 கார்பன், 4 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. ஒரு கார்பன் அணுவும் இரு ஹைட்ரஜன் அணுக்களும் குறைவு, அவ்வளவே வேறுபாடு.

முற்காலத்தில் மரத்தைக் காற்றுப் படாமல் சூடாக்கி மெத்தனாலைப் பெற்றனர். அதனால் அதற்கு மர ஆல்ககால் என்றும் பெயர். இன்று பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் தயாரிக்கிறார்கள். பெயின்ட், வார்னிஷ், பசை, மருந்து முதலியவற்றைத் தயாரிக்கும் தொழில்களுக்கு அது மிகவும் தேவையான பொருள். ஆகவே மெத்தனால் ஒரு சட்டவிரோதப் பொருள் அன்று. உரிமம் பெற்று வாங்கலாம். கணக்கு எழுதிப் பயன்படுத்தலாம். தமிழ்நாட்டில் இதற்கென 1959-ஆம் ஆண்டு விதிகளே உள்ளன. தொழிற்சாலைக்குச் செல்லவேண்டிய பீப்பாய் வழிமாறிச் சாராயக் குடத்துக்குச் செல்லும்போதுதான் ஆபத்து பிறக்கிறது.

"காய்ச்சியவன் சரியாகக் காய்ச்சவில்லை, அதனால் விஷமாகிவிட்டது" என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வெல்லத்தையோ சர்க்கரையையோ புளிக்க வைத்தால் உண்டாகும் மெத்தனால் மிக மிகக் குறைவு. கூட்டம் கூட்டமாக மக்களைக் கொல்லும் அளவு மெத்தனால் பொதுவாக வெளியிலிருந்து கலக்கப்பட்டதாகவே இருக்கும்.

திரவமானி ஏன் ஏமாறுகிறது?

இப்போது அந்த மாணவரின் கேள்விக்கு வருவோம். 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் எத்தனாலின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.789 கிராம். மெத்தனாலின் அடர்த்தி 0.792 கிராம். வேறுபாடு மூன்றாம் தசம இடத்தில்தான் தெரிகிறது!

திரவமானி அறிவது அடர்த்தியை மட்டுமே. மதுவின் வீரியத்தை அளப்பதற்கென்றே சைக்ஸ் திரவமானி என்ற கருவி இருந்தது. பிரிட்டிஷ் அரசு 1816-இல் அதைச் சட்டப்படி ஏற்றது. நீரில் எவ்வளவு ஆல்ககால் இருக்கிறது என்பதை அது சொல்லும். எந்த ஆல்ககால் என்பதைச் சொல்லாது. எத்தனால் கலந்த நீரிலும், அதே அளவு மெத்தனால் கலந்த நீரிலும் கருவி ஏறக்குறைய ஒரே ஆழத்துக்கு மூழ்கும்.

நம் புலன்களின் நிலையும் இதுவே. இரண்டும் நிறமற்றவை. வாசனை ஏறத்தாழ ஒன்றே. இரண்டும் நீரில் எந்த விகிதத்திலும் கலக்கும். இரண்டுமே போதை தரும். மூக்கும் நாக்கும் இங்கே சாட்சி சொல்ல முடியாது.

அப்படியானால் இயற்பியலுக்கு வழியே இல்லையா? உண்டு. எத்தனாலின் ஒளிவிலகல் எண் 1.361. மெத்தனாலுக்கு அது 1.329, நீரின் 1.333-ஐவிடச் சற்றே குறைவு. எனவே ஒரே அடர்த்தி உள்ள இரு கலவைகளை ஒளிவிலகல்மானியில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு புலப்படும். ஆனால் நிறமும் பிற பொருள்களும் சேர்ந்த சாராயத்தில் இம்முறையும் தடுமாறும். ஆகவே தடயவியல் ஆய்வகங்களில் வாயு நிறச்சாரல் பிரிகை என்னும் முறையைக் கையாள்கிறார்கள். மாதிரியை ஆவியாக்கி, ஒரு வாயுவின் துணையுடன் மெல்லிய நீண்ட குழாய் ஒன்றின் வழியே செலுத்துவார்கள். ஒவ்வொரு பொருளும் குழாயைக் கடக்க வேறு வேறு நேரம் எடுக்கும். வந்து சேரும் நேரத்தைக் கொண்டு இன்னதெனக் கூறிவிடலாம். இது ஆய்வகத்தில் ஆகும் வேலை. குடத்தின் அருகே நிற்பவனுக்கு இதில் எதுவும் உதவாது.

எறும்பின் அமிலம்

வியப்பு என்னவென்றால், மெத்தனால் தன்னளவில் பெரிய நஞ்சன்று. நம் கல்லீரலே அதை நஞ்சாக்குகிறது.

கல்லீரலில் ஆல்ககாலைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. அது எத்தனாலை அசிட்டால்டிஹைடாக மாற்றும். அது பின்பு அசிட்டிக் அமிலமாகும். அசிட்டிக் அமிலம் நம் சமையலறை வினிகரில் உள்ள பொருளே. உடல் அதைச் செலவழித்துவிடும். இதே நொதி மெத்தனாலைப் ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. அது விரைவில் ஃபார்மிக் அமிலமாகிறது. எறும்பிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்டதால் அந்த அமிலத்துக்கு இப்பெயர். லத்தீன் மொழியில் 'ஃபார்மிகா' என்றால் எறும்பு.

மனித உடலால் ஃபார்மிக் அமிலத்தை மிக மெதுவாகத்தான் வெளியேற்ற முடியும். அது தேங்கி, செல்களில் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் வேலையைத் தடுக்கிறது. ஆக்சிஜன் இருந்தும் செல்லால் அதைப் பயன்படுத்த முடிவதில்லை. அதிக ஆற்றல் தேவைப்படும் விழித்திரையும் பார்வை நரம்பும் முதலில் பாதிக்கப்படுகின்றன. கண்ணெதிரே பனி படர்ந்தது போலத் தெரிகிறது என்று நோயாளிகள் சொல்வது இதனால்தான். 10 மில்லிலிட்டர் தூய மெத்தனாலே பார்வையைப் பறிக்கக்கூடும். 30 மில்லிலிட்டர் உயிரையே பறிக்கக்கூடும்.

இந்த மாற்றம் நடக்க நேரம் பிடிக்கும். குடித்தவருக்கு 12 முதல் 24 மணி நேரம்வரை பெரிய தொல்லை தெரியாமல் இருக்கலாம். எத்தனாலும் சேர்ந்திருந்தால் இன்னும் தாமதமாகும். நொதி முதலில் எத்தனாலையே பற்றிக்கொள்வதே காரணம். "நேற்றுக் குடித்தோம், ஒன்றும் ஆகவில்லையே" என்று நம்பி மறுநாளும் அதையே குடித்தவர்கள் உண்டு. அந்த மாணவரின் சித்தப்பாவும் ஒரு பகல் முழுதும் வேலை பார்த்தாராம். மாலையில்தான் தலைவலியும் வாந்தியும் வந்தன. தூங்கினால் சரியாகும் என்று படுத்துவிட்டார். விடிந்தபோது விளக்கின் வெளிச்சம்கூடத் தெரியவில்லை.

இந்தத் தாமதத்தைத்தான் மருத்துவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். நொதியைத் தடுக்கும் ஃபோமெபிசோல் என்ற மருந்தையோ, அளந்து கணக்கிட்ட எத்தனாலையோ கொடுத்து, மெத்தனால் அமிலமாவதை நிறுத்துகிறார்கள். டயாலிசிஸ் மூலம் இரத்தத்திலிருந்து அதை நீக்குகிறார்கள். இதை வீட்டில் எவரும் முயலக்கூடாது. செய்யவேண்டியது ஒன்றுதான்: அறிகுறிக்குக் காத்திராமல் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குச் செல்வது, குடித்ததை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்வது. உடன் குடித்தவர்கள் நலமாகத் தோன்றினாலும் அவர்களையும் அழைத்துச் செல்லவேண்டும். போலீசுக்குப் பயந்து வீட்டிலேயே கிடந்தவர்களுக்குத்தான் இழப்பு அதிகம்.

சட்டமும் மூலக்கூறும்

2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இரண்டிலும் காரணம் மெத்தனால்தான். கள்ளக்குறிச்சிக்குப் பின் தமிழ்நாடு அரசு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, உயிரிழப்பை உண்டாக்கும் கள்ளச்சாராயக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனைவரை விதிக்க வழி செய்தது.

இதனால் கடையில் விற்கும் மது நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். உலக நல்வாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-லேயே மது பானங்களைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. எது சட்டப்படி விற்கலாம், எது கூடாது என்பதைச் சட்டம் வரையறுக்கிறது. ஆனால் கல்லீரல் சட்டப் புத்தகத்தைப் படிப்பதில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் மூலக்கூறுதான்.

நம் பள்ளி ஆய்வகத்துச் சாராய விளக்கிலுள்ள ஸ்பிரிட்டும் குடிக்கத் தகாதபடி நஞ்சு சேர்க்கப்பட்டதே. அந்தக் குப்பியின் சீட்டைக் கிழியாமல் வைத்திருங்கள். வேறு எந்தக் குப்பியிலும் அதை ஊற்றி வைக்காதீர்கள்.

அந்த மாணவர் இன்று ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறார். அங்கு வந்து போகும் கரைப்பான் பீப்பாய்களின் கணக்கைச் சரிபார்ப்பதும் அவருடைய பணிகளில் ஒன்று. ஒரு லிட்டர் குறைந்தாலும் விடமாட்டேன் என்று சென்ற முறை சந்தித்தபோது சொன்னார்.