இங்கே ஒரு வீடு, அங்கே ஒரு வீடு

தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு தக்காளி மண்டியில் காலையில் கிளம்பும் லாரி எந்த ஊருக்குப் போகிறது, சரக்கு எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டால் மண்டிக்காரர்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். அதே ஊரிலிருந்து வெளிநாட்டுக்குக் கிளம்பும் ஆளுக்கு அவ்வளவு தெளிவு கிடைப்பதில்லை. விசா வந்த நாளிலிருந்து வீட்டில் நடப்பதெல்லாம் பெட்டி கட்டும் பேச்சுதான். ஊறுகாய் எத்தனை கிலோ, புளி எத்தனை கிலோ, கேழ்வரகு மாவு போடலாமா கூடாதா.

பெட்டி கட்டுவது கடைசி இரண்டு நாள் வேலை. மாதக்கணக்கில் இழுப்பது விட்டுப்போகும் வீட்டை ஒழுங்கு செய்யும் வேலை. அதை அரைகுறையாக விட்டுவிட்டுப் போகிறவர்களுக்குத்தான் போன இடத்து வீட்டில் மனசு ஒட்டுவதில்லை. உடம்பு அங்கே இருக்கும், ஃபோன் மட்டும் ராத்திரி பகலாக இங்கே பேசிக்கொண்டிருக்கும்.

முதல் சிக்கல் பெயரிலேயே ஆரம்பிக்கிறது. நமக்குப் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்து போதும். பாஸ்போர்ட்டுக்கு அது போதாது, இனிஷியலை விரித்து எழுத வேண்டும். விரித்தால் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும், அப்புறம் வெளிநாட்டு ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். விரிக்காமல் ஒற்றைப் பெயரோடு நிறுத்தினால் வேறு தொல்லை. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிக்க முடியாது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது, டிக்கெட் எடுத்து வைத்திருந்த பலர் பதறிப்போனார்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பதிவாகியிருந்தால் போதும் என்ற விளக்கம் பிறகுதான் வந்தது. பள்ளிச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதை விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

சான்றிதழ்களுக்கு முத்திரை வாங்குவது இன்னொரு அலைச்சல். இந்தியா 2005இல் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அந்த ஒப்பந்தத்தில் உள்ள நாட்டுக்குப் போவதென்றால் வெளியுறவு அமைச்சகத்தின் ஒரே முத்திரையில் வேலை முடிந்துவிடும். ஓமனும் சவுதியும் சிங்கப்பூரும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. துபாய்க்குப் போகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை. அமைச்சகத்துக்குப் பிறகு அமீரகத் தூதரகத்தின் முத்திரையும் வாங்கியாக வேண்டும். சேலத்தில் விமான நிலையம் இருந்தும் பாலக்கோட்டுக்காரர்கள் வெளிநாட்டுக்கு விமானம் ஏறப் பெரும்பாலும் ஓசூர் வழியாகப் பெங்களூருக்குத்தான் போகிறார்கள். காகித வேலைக்கு மட்டும் சென்னை.

பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால், 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். இதை வெட்டிச் சடங்கு என்று நினைத்து, விசிட் விசாவில் அனுப்பி வைக்கிறேன் என்று சொல்லும் ஏஜெண்டை நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். முறைப்படி போகிறவருக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு உண்டு. இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய் கட்டினால், விபத்தில் உயிர் போனாலோ நிரந்தரமாக முடமானாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். விசிட் விசாவில் போய் வேலை பார்க்கிறவர் கைக்கு இது எட்டாது.

பாலக்கோடு பக்கத்தில் பெரும்பாலான வீடுகளுக்குப் பின்னால் நிலம் இருக்கிறது. கொஞ்சம் மாந்தோப்பு, கொஞ்சம் காய்கறி, கொஞ்சம் மானாவாரி. பட்டா கூட்டாக இருக்கும். தோப்பைக் குத்தகைக்கு விடுவது யார், சங்கத்துக் கடன் தவணை கட்டுவது யார், அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் கையெழுத்துப் போடுவது யார்? ஊரில் இருக்கும்போதே நம்பிக்கையான ஒருவருக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பொது அதிகாரப் பத்திரம் பதிந்து கொடுத்துவிட்டால் அரை நாளில் முடிகிற வேலை இது. போன பிறகு செய்வதானால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும், பத்திரம் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தாள் கட்டணம் செலுத்த வேண்டும். எந்தெந்தக் காரியத்துக்கு அதிகாரம் என்பதைப் பத்திரத்திலேயே குறுக்கி எழுதுவது புத்திசாலித்தனம். குத்தகை விடலாம், வரி கட்டலாம், விற்கக் கூடாது என்று எழுதினால் சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்தான். கோபம் நாலு நாள் இருக்கும், வழக்கு நாலு வருடம் நடக்கும்.

நாலு வருடம் சம்பாதித்து ஊரில் ரெண்டு ஏக்கர் வாங்கிப் போடலாம் என்ற கணக்கோடு கிளம்புகிறவர்கள் ஒன்றைக் கேட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். அந்நியச் செலாவணிச் சட்டப்படி, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் வீடோ மனையோ வாங்கலாம். விவசாய நிலமும் தோப்பும் பண்ணை வீடும் வாங்க முடியாது. ஏற்கெனவே வைத்திருந்த நிலத்தை வைத்துக்கொள்ளலாம், பரம்பரையாக வருவதையும் பெறலாம். விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் ஒருவருக்குத்தான் விற்கலாம். நிலம் வாங்குகிற எண்ணம் இருந்தால் விமானம் ஏறும் முன்பே பத்திரத்தை முடித்துவிட வேண்டும்.

வங்கிக் கணக்கும் அப்படியே கிடக்கக் கூடாது. சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்போருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும், குத்தகைப் பணமும் வாடகையும் அதில் வரலாம். அங்கிருந்து அனுப்பும் சம்பளத்துக்கு என்ஆர்இ கணக்கு. அதன் வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை. இதையெல்லாம் விடச் சின்ன விஷயம் ஒன்று பலரைப் படுத்தியெடுக்கிறது. ஓடிபி பெரும்பாலும் இந்திய எண்ணுக்குத்தான் வருகிறது. ரீசார்ஜ் செய்யாமல் சிம் செத்துப்போனால் சொந்தப் பணம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.

இப்போது பெட்டிக்கு வரலாம். கொப்பரைத் தேங்காயில் எண்ணெய் அதிகம், தீப்பிடிக்கும் பொருள் என்று விமானத்தில் மறுக்கிறார்கள். கசகசா இன்னும் ஆபத்து. குருமாவுக்காகக் கொண்டுபோகும் பொட்டலத்தை அமீரகமும் சவுதியும் போதைப்பொருளாகத்தான் பார்க்கின்றன, சிறைவரை போகக்கூடிய விவகாரம். அமெரிக்காவுக்குப் பச்சைக் கறிவேப்பிலை கூடாது, எலுமிச்சை இன மரங்களைத் தாக்கும் நோய் அதோடு வந்துவிடும் என்ற பயம். ஆஸ்திரேலியாவில் மரச்சாமான், விதை, தின்பண்டம் எதுவானாலும் படிவத்தில் எழுதிக் காட்ட வேண்டும். மறைத்தால் அபராதம், காட்டினால் பல சமயம் விட்டுவிடுவார்கள்.

மிக்சியையும் கிரைண்டரையும் கட்டும் முன் அங்கே என்ன மின்சாரம் என்று பார்க்க வேண்டும். நமக்கு 230 வோல்ட், அமெரிக்காவிலும் கனடாவிலும் 120. ஊர் மிக்சி அங்கே ஒப்புக்குச் சுற்றும், சட்னி அரையாது. அந்த நாடுகளுக்கென்றே 110 வோல்ட் மிக்சிகள் சென்னைக் கடைகளில் கிடைக்கின்றன. சிங்கப்பூரிலும் துபாயிலும் வோல்டேஜ் தொல்லை இல்லை, சதுரக் கால் பிளக் மட்டும் மாற்றினால் போதும்.

வீடு என்றால் எல்லோருக்கும் ஒரே அர்த்தம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அமீரகத்தில் குடும்பத்தை அழைத்துக்கொள்ளக் குறைந்தது 4,000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்க இடமும் வேண்டும். அதற்குக் கீழே வாங்குகிறவருக்கு வீடு என்பது பெட் ஸ்பேஸ்தான். அடுக்குக் கட்டில், தலைமாட்டில் ஒரு சார்ஜர், ஒரு சாமி படம், துணி மாட்ட ஒரு ஆணி. சமையல் முறை வைத்து நடக்கும், யார் முறையில் சாம்பார் நன்றாக இருக்கும் என்பது அந்த அறைக்கே தெரியும். கட்டிலைச் சுற்றிலும் ஒரு துணித் திரை கட்டிக்கொள்வதுதான் அங்கே பலர் செய்யும் முதல் வீட்டு வேலை.

குடிபெயர்வு இந்த மண்ணுக்கு எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. திப்பு சுல்தானிடமிருந்து இந்தப் பகுதி அடங்கிய பாராமகால் 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனபோது, கேப்டன் அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியாளராகத் தர்மபுரிப் பகுதிக்கு வந்தவர் கிளாஸ்கோக்காரர் தாமஸ் மன்றோ. ஏழு வருடம் இருந்தார், தோட்டம் போட்டார், அதைப் பற்றிக் கடிதங்களில் ஆசையாக எழுதினார். பின்னாளில் சென்னை மாகாண கவர்னரான மனிதர், ஊரைத் தன்னுடையதாக்கிக்கொள்ள மண்ணில் கைவைத்திருக்கிறார். வெளியே போன நம்மவர்களும் அப்படித்தான். சிங்கப்பூருக்கு 1819இல் கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸோடு போன தமிழர் நாராயண பிள்ளை செங்கல் சூளை போட்டார், அவர் முயற்சியில் 1827இல் மாரியம்மன் கோயில் எழுந்தது. தொழிலுக்கும் கோயிலுக்கும் அடுத்தடுத்து ஏற்பாடு செய்துகொள்ளும் இந்த வழக்கத்தை டொராண்டோவிலும் ஜெர்மனியின் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலிலும் இன்றும் பார்க்கலாம்.

புது வீட்டில் பால் காய்ச்சுவது எல்லா நாட்டிலும் நடக்கிறது, இண்டக்‌ஷன் அடுப்பில் கூட. அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் பொங்காது, அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரம் வேண்டும். தர்மபுரிக்காரர்களுக்கு நிஜமான சோதனை களி. ராகி மாவு இப்போது பெரும்பாலான இந்தியக் கடைகளில் கிடைக்கிறது. ஊரில் பானையைத் தரையில் இறக்கிக் காலால் அணைத்துக்கொண்டு துடுப்பு போடலாம். வழுக்கும் கண்ணாடி அடுப்பின்மேல் பாத்திரமும் சேர்ந்து சுற்றும், பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். ஈரத்துணியை நான்காக மடித்து மேடையில் விரித்து, பாத்திரத்தை அதன்மேல் இறக்கிவைத்துக் கிண்டினால் நகராது. தொட்டுக்கொள்ளக் குழம்பு தாளிக்கும்போது புகை அலாரம் அலறுவதும் உறுதி. தாளிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே எக்சாஸ்ட் விசிறியைப் போட்டு ஜன்னலைத் திறந்து வைக்கலாம். அலாரத்தின் பேட்டரியைக் கழற்றினால் மட்டும் பல ஊர்களில் வாடகை ஒப்பந்தத்தை மீறிய குற்றத்துக்கு ஆளாக வேண்டியிருக்கும்.