ஏலத்தில் பழைய தளபாடமும் பழைய நூலும்: கை உயர்த்து முன் கணக்குப் பாருங்கள்

ஏலம் என்பது மலையகத்துக்குப் புதிய விடயமல்ல. கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் 1883 ஜூலை 30 ஆம் திகதி நடைபெற்றது. 2020 இல் அது இணையவழிக்கு மாறிய பின்னரும் அதன் அடிப்படை மாறவில்லை. வாங்குபவர் விற்பனைப் பட்டியலையும் மாதிரியையும் முன்கூட்டியே பெறுகிறார், சுவைத்துப் பார்க்கிறார், எந்த விலை வரை போகலாம் என்று குறித்துக்கொள்கிறார். அதன் பின்னரே கேட்கிறார்.

ஆனால் பழைய கதிரை, அலுமாரி, நூல்கள் ஏலத்துக்கு வரும்போது நம்மில் பலர் இந்த ஒழுங்கை மறந்துவிடுகின்றனர். பொருளைச் சரிவரப் பார்க்காமல், பக்கத்தில் நிற்பவருடன் போட்டி போட்டு விலையை ஏற்றிவிட்டு, வீட்டுக்கு வந்த பின் வருந்துகின்றனர். ஒரு சிறு வியாபாரியின் பல மாதச் சேமிப்பு இப்படி ஒரே நாளில் முடங்கிவிடக்கூடும்.

பங்களாச் சாமான்கள் சந்தைக்கு வந்த வழி

பிரித்தானியத் துரைமார் ஊர் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை ஏலத்தில் விட்டுச் செல்வது அக்கால வழக்கம். 1972 காணிச் சீர்திருத்தச் சட்டமும், கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கிய 1975 ஆம் ஆண்டின் திருத்தமும் வந்தபோது அந்தக் காலம் முடிவுக்கு வந்தது. 1992 இல் தோட்டங்களின் முகாமைத்துவம் பிராந்தியக் கம்பனிகளிடம் கைமாறியது. பின்னர் பங்களாக்கள் சில உல்லாச விடுதிகளாயின. காசல்ரீ நீர்த்தேக்கத்தை அண்டிய பங்களாக்கள் 2005 இல் அவ்வாறு திறக்கப்பட்டதை ஹட்டன் வாசகர்கள் அறிவர். இத்தகைய விடுதிகளுக்கு அக்காலத் தளபாடங்கள் தேவைப்படுவதால் கேள்வியும் உண்டு.

இத்தளபாடங்களில் பல ஐரோப்பிய வடிவில், நம்நாட்டுத் தச்சர்களால், நம்நாட்டு மரத்தில் செய்யப்பட்டவை. கதிரை, மேசை, அலுமாரி என்ற சொற்கள் போர்த்துக்கேயரிடமிருந்தும் லாச்சி என்ற சொல் ஒல்லாந்தரிடமிருந்தும் நமக்கு வந்தவை என்பதே இதன் வரலாற்றைச் சொல்லும். கால்களைத் தூக்கிப் போட வசதியாக நீண்ட கைகளுடன் பிரம்பு பின்னிய துரைமார் சாய்வுக் கதிரை இவற்றுள் பிரபலமானது.

மரத்தையும் ஆணியையும் பாருங்கள்

விலையை முதலில் தீர்மானிப்பது மரம். தேக்கும் பலாவும் பரவலாகக் கிடைப்பவை. முதிரையும் கருங்காலியும் அவற்றைவிட விலை கூடியவை. சிங்களத்தில் களுமெதிரிய எனப்படும், கபிலமும் கறுப்பும் வரிவரியாக ஓடும் கலமந்தர் மரம் காட்டில் மிக அரிதாகிவிட்டது. எனவே கலமந்தர் என்று சொல்லி விற்கப்படும் பொருளைத் தெரிந்த தச்சரிடம் காட்டாமல் வாங்கக் கூடாது. சாயம் பூசிய சாதாரண மரமாகவும் இருக்கலாம்.

பழைய மாதிரியில் புதிதாகச் செய்வது குற்றமல்ல. அதைப் பழையது என்று விற்பதே மோசடி. பளபளப்பான முன்பக்கத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். லாச்சியை வெளியே இழுத்து, அடியையும் பின்பக்கத்தையும் பாருங்கள். கையால் இழைத்த பலகையில் மெல்லிய மேடுபள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். வளைவான அறுப்புக் கோடுகள் இருந்தால் அது இயந்திர வாளால் அறுத்த மரம். உருண்டையான கம்பி ஆணி 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பரவலானது. 1800 ஆம் ஆண்டுப் பெட்டி என்று சொல்லி அதில் எல்லாமே கம்பி ஆணியாக இருந்தால் ஒன்றில் அது பிற்காலத்தது, அல்லது திருத்தப்பட்டது. கால் புதியது, மேற்பலகை பழையது என்ற கலப்புகளும் உண்டு.

முதற்பதிப்பு எது?

நூல்களில் மயக்கம் இன்னும் அதிகம். பழைய நூல் எல்லாம் முதற்பதிப்பு அல்ல; முதற்பதிப்பு எல்லாம் விலை போவதும் இல்லை. தேடுவோர் பலராகவும் பிரதிகள் சிலவாகவும் இருந்தால்தான் விலை.

ரொபர்ட் நொக்ஸ் இலங்கை பற்றி எழுதிய நூல் 1681 இல் லண்டனில் வெளிவந்தது. அதன் முதற்பதிப்பு உலகச் சந்தையில் பெரும் விலை பெறும். நுவரெலியாவில் குடியேறி வாழ்ந்த சாமுவேல் பேக்கரின் இலங்கை நூல்கள் 1854, 1855 ஆம் ஆண்டுகளில் வெளியாகின. எமர்சன் டெனண்டின் இரண்டு பாக நூல் 1859 இல் வந்து, 1860 க்குள் ஐந்து பதிப்புகளைக் கண்டது. ஆகவே 1860 என்று ஆண்டு பொறித்த டெனண்ட் பிரதி பழையதுதான், முதற்பதிப்பு அல்ல.

இன்னொரு பொறியும் உண்டு. இத்தகைய நூல்களைப் புதுடில்லியில் பழைய தலைப்புப் பக்கத்துடனேயே மறுபதிப்புச் செய்துள்ளனர். முதல் பக்கத்தில் பழைய ஆண்டைக் கண்டதும் மயங்காமல், அதன் மறுபக்கத்தையும் தாளையும் கட்டையும் பாருங்கள். படங்களும் மடித்து வைத்த வரைபடமும் முழுமையாக உள்ளனவா என்று எண்ணிப் பாருங்கள். ஒரு படம் கிழிக்கப்பட்டிருந்தாலும் விலை வெகுவாக விழும். 20 ஆம் நூற்றாண்டு நூல்களில் வெளியே சுற்றிய காகித உறை இருக்கிறதா என்பதும் முக்கியம். மலைநாட்டு ஈரலிப்பால் வரும் பூஞ்சணமும் கபிலப் புள்ளிகளும் மதிப்பைக் குறைக்கும்.

ஆங்கில நூல்களில் மட்டும் கண் வைக்கத் தேவையில்லை. கண்டியைச் சேர்ந்த சித்திலெவ்வை நடத்திய 'முஸ்லிம் நேசன்' 1882 இலும், அவர் எழுதிய 'அசன்பேயுடைய கதை' 1885 இலும் வெளிவந்தன. இவற்றின் மூலப் பிரதிகளும் அக்கால அரபுத்தமிழ் நூல்களும் நமது வீடுகளிலேயே இருக்கக்கூடும். வீடு துப்புரவு செய்யும்போது பழைய தாள் என்று கிலோக் கணக்கில் போட்டுவிடுவதற்கு முன் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். பணத்தைவிடப் பெரிய இழப்பு அதில் நேரலாம்.

ஏல நாளில் கணக்கு

ஏலவிற்பனையாளர் சுத்தியலைத் தட்டும் விலை கடைசி விலை அல்ல. வாங்குபவரிடமும் தரகு அறவிடும் முறையை லண்டனின் பெரிய ஏல நிறுவனங்கள் 1975 இல் தொடங்கின. அங்கு இன்று அது 20 வீதத்தையும் தாண்டுகிறது. ஓர் உதாரணம் பாருங்கள். 100,000 ரூபாவுக்கு ஓர் அலுமாரியை எடுக்கிறீர்கள். தரகு 10 வீதம் என்றால் 10,000. லொறிக்கூலி 15,000. திருத்த வேலையும் பொலிஷும் 20,000. மொத்தம் 145,000. இதற்கு மேல் விற்க முடியுமா என்ற கேள்விக்கு விடை தெரிந்த பின்னரே கை உயர வேண்டும்.

'உள்ளது உள்ளபடி' என்ற நிபந்தனை இருந்தால், பின்னர் கறையான் அரித்திருப்பதைக் கண்டு திருப்பிக் கொடுக்க முடியாது. ஆகவே பார்வைக்கு விடும் நாளில் கட்டாயம் போய்ப் பாருங்கள்.

கூடுதலாகக் கேட்பவருக்கு விற்பது மார்க்கத்தில் ஆகுமானது. ஆனால் வாங்கும் எண்ணமின்றி, விற்பவருக்காக விலையை ஏற்றிவிடும் 'நஜ்ஷ்' நபி (ஸல்) அவர்களால் தடுக்கப்பட்டது. அதற்கு ஒருபோதும் துணை போகக் கூடாது. அத்தகையோர் நிற்பதாகச் சந்தேகம் வந்தால் விலகிக்கொள்வதே நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

தொல்பொருள்களை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதி பெற வேண்டும். 1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டம் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துவதோடு, இத்தகைய பொருள்களில் வியாபாரம் செய்வோருக்கு அனுமதிப்பத்திர முறையையும் ஏற்படுத்தியுள்ளது. வெளிநாட்டில் நல்ல விலை என்ற பேச்சை நம்பி முதலிடுவதற்கு முன் தொல்பொருள் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பங்களாவில் இருந்த பொருள் தோட்டத்தின் சொத்தாகவும் இருக்கலாம். விற்பவருக்கு அதை விற்கும் உரிமை உண்டா என்பதற்கு எழுத்துமூல ஆதாரம் கேளுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் மலிவாகக் கிடைக்கும் கதிரை, பொலிஸ் நிலையம் வரை உங்களை அழைத்துச் செல்லக்கூடும்.

முதல் சில ஏலங்களுக்கு வெறும் பார்வையாளராகப் போய் விலைகளைக் குறித்து வாருங்கள். பின்னர் சிறிய பொருள் ஒன்றில் தொடங்குங்கள். குடும்பச் செலவுக்கும் கடைச் சரக்குக்கும் உரிய பணத்தை இதில் இறக்க வேண்டாம். பழைய பொருளுக்கு வாங்குபவர் வரப் பல வருடங்களும் ஆகலாம். அதுவரை பொறுத்திருக்கக்கூடிய பணமே இதற்கு உகந்தது.