மின்கம்பி நுழையாத வீடு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து லாங்காஸ்டர் மாவட்டத்தில் சாலையோரத்து வீடுகளில் எது ஆமிஷ் குடும்பத்துடையது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. அண்ணாந்து பார்த்தாலே தெரிந்துவிடும். தெருக் கம்பத்திலிருந்து அந்த வீட்டுக்கு மின்கம்பி போகாது. ஜன்னல்களில் பூப்போட்ட திரைச்சீலை இருக்காது. பல வீடுகளில் சுருட்டி ஏற்றும் பச்சைத் துணி மட்டும் தொங்கும். வாசலில் சாம்பல் நிறக் கூண்டு வைத்த குதிரை வண்டி நிற்கும். திங்கட்கிழமை பெரும்பாலும் துவைக்கும் நாள். அன்று தாழ்வாரத்திலிருந்து ஓர் உயர்ந்த கம்பம் வரை கப்பியில் ஓடும் கொடியில் கறுப்புக் கால்சட்டைகளும், ஊதா, நீலம், பச்சை என்று ஒற்றை நிறக் கவுன்களும் வரிசையாகக் காற்றில் ஆடும்.

1693-இல் யாக்கோப் அம்மான் என்ற மதத் தலைவரைப் பின்பற்றி, சுவிட்சர்லாந்திலும் அல்சாஸிலும் தனியாகப் பிரிந்த கிறிஸ்தவர்களே ஆமிஷ் மக்கள். துன்புறுத்தல் தாங்காமல் 18-ஆம் நூற்றாண்டில் கப்பலேறிப் பென்சில்வேனியாவுக்கு வந்தார்கள். ஐரோப்பாவில் இன்று ஆமிஷ் சபை ஒன்றுகூட இல்லை. வட அமெரிக்காவில் சுமார் 4 லட்சம் பேர் இருக்கிறார்கள். வீட்டுக்குள் பேசுவது ஜெர்மன் வட்டார மொழி, வெளியாரிடம் ஆங்கிலம்.

வீட்டுக்குள் நுழைந்தால் பெரிய இடம் சமையலறைதான். ஆறேழு பிள்ளைகள் சகஜம் என்பதால் நீளமான மேஜை, பக்கத்தில் பெஞ்சு. சுவரில் குடும்பப் படம் கிடையாது. காலண்டரும் கடிகாரமும் உண்டு. மூலையில் நிற்கும் ஃப்ரிட்ஜைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் திகைத்துப்போவார்கள். அது ஓடுவது கேஸில். சக்கரம் வைத்த சிறு மர அலமாரி ஒன்றை அறைக்கு அறை தள்ளிக்கொண்டு போகிறார்கள். அதற்குள் சிலிண்டர், அதன் மேலே கேஸ் விளக்கு. எரிகிற விளக்கு குளிர்காலத்தில் அறைக்குக் கொஞ்சம் சூடும் தரும். இப்போது பேட்டரி விளக்குகளும் பரவிவருகின்றன.

மிக்சியைக் கையில் எடுத்துப் பார்த்தால் இன்னும் வியப்பு. மின் மோட்டாரைக் கழற்றிவிட்டு, காற்றழுத்தத்தில் சுழலும் மோட்டாரைப் பொருத்தியிருப்பார்கள். கொல்லைப்புறக் கொட்டகையில் டீசல் இன்ஜின் ஒன்று கம்ப்ரஸரை ஓட்டுகிறது; அங்கிருந்து குழாய் வழியே வரும் காற்று தையல் மிஷினையும் தண்ணீர் பம்பையும் தச்சுப் பட்டறையின் ரம்பத்தையும் இயக்குகிறது. இதற்கு ‘ஆமிஷ் கரன்ட்’ என்று செல்லப்பெயரே உண்டு.

மின்சாரம் பாவம் என்று அவர்கள் சொல்வதில்லை. பாவமென்றால் பேட்டரிக்கு அனுமதி ஏது? 1920-ஐ ஒட்டி லாங்காஸ்டர் சபைகள் தடுத்தது, ஊர் மின்கம்பியோடு வீட்டைக் கட்டிப்போடுவதைத்தான். கம்பி வந்தால் அதன் வழியே என்னென்ன பின்னால் வரும் என்று அவர்கள் யோசித்தார்கள். ரேடியோவும் டிவியும் வந்து குடும்பங்களை என்ன செய்தன என்பதைப் பார்க்கும்போது அந்த யோசனையை மூடத்தனம் என்று ஒதுக்க முடியவில்லை. தொலைபேசிக்கும் அதே கணக்கு. வீட்டுக்குள் கூடாது, வயலோரத்தில் ஒரு சின்ன மரக் கூண்டில் இருக்கலாம், அக்கம்பக்கத்தார் பகிர்ந்துகொள்ளலாம். டாக்டரை அழைக்க நடந்து போவார்கள். அரட்டைக்கு அவ்வளவு தூரம் நடப்பது யார்?

எது கூடும், எது கூடாது என்பதை அந்தந்தச் சபைதான் தீர்மானிக்கிறது. அதனால் வீட்டுக்கு வீடு ஒன்றுபோல இருக்காது. கடுமையான ஸ்வார்ட்ஸென்ட்ரூபர் பிரிவினர் வீட்டுக்குள் குளியலறைக் குழாயைக்கூடத் தவிர்க்கிறார்கள். அங்கே மண்ணெண்ணெய் விளக்குதான்.

இந்த வீடுகளின் தனிச்சிறப்பு ஞாயிற்றுக்கிழமையில் தெரியும். ஆமிஷ் மக்களுக்குக் கோயில் கட்டடம் இல்லை. ஒரு சபைக்கு ஏறக்குறைய முப்பது குடும்பம். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், முறைவைத்து ஒருவர் வீட்டில் ஆராதனை. ஆக, ஏறத்தாழ ஆண்டுக்கு ஒரு தடவை ஒவ்வொரு வீடும் கோயிலாகிறது. அதை மனதில் வைத்தே வீட்டைக் கட்டுகிறார்கள். நடுவிலிருக்கும் மடக்குத் தடுப்புகளைத் தள்ளிவிட்டால் மூன்று நான்கு அறைகள் ஒரே கூடமாகிவிடும். சபைக்குச் சொந்தமான பெஞ்சு வண்டி முன்கூட்டியே வந்து நிற்கும். சாய்வில்லாத அந்தப் பெஞ்சுகளில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கமாக மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். 16-ஆம் நூற்றாண்டில் பிறந்த ‘ஆஸ்பண்ட்’ பாடல் நூலிலிருந்து வாத்தியம் எதுவுமின்றி இழுத்து இழுத்துப் பாடுவார்கள். முடிந்ததும் அதே பெஞ்சுகள் சாப்பாட்டு மேஜைகளாகும். ரொட்டி, இனிப்பு சேர்த்த வேர்க்கடலை வெண்ணெய், ஊறவைத்த பீட்ரூட், காபி.

பிரதான வீட்டை ஒட்டி இன்னொரு சின்ன வீடு இருக்கும். இளைய தலைமுறை பண்ணையை ஏற்றதும் தாத்தாவும் பாட்டியும் அங்கே குடிபோவார்கள். முதியோர் இல்லம் என்ற பேச்சே அநேகமாக எழாது. முதியோரைக் காப்பது தங்கள் கடமை என்று அரசிடம் வாதாடி, 1965-இல் சமூகப் பாதுகாப்பு வரியிலிருந்தே விலக்கு வாங்கினார்கள்.

கொல்லைப்புறத்தில் காய்கறித் தோட்டம். அதில் செலரி அளவுக்கு மீறி நட்டிருந்தால் வீட்டில் கல்யாணம் நெருங்குகிறது என்று லாங்காஸ்டரில் அக்கம்பக்கம் ஊகித்துவிடும். விருந்தில் செலரி இல்லாமல் முடியாது. நிலவறையில் பீச், தக்காளி, பீன்ஸ் என்று கண்ணாடிப் புட்டிகள் அடுக்கடுக்காய் நிற்கும். அதற்கும் அப்பால் சரிவில் கட்டிய பெரிய களஞ்சியம்: கீழே மாடுகள், மேலே வைக்கோல். வயலில் உழுவது கோவேறு கழுதைகள். டிராக்டர் இருந்தாலும் இயந்திரம் சுழற்றுவதற்காகக் களஞ்சியத்தருகே நிற்கும், வயலுக்குப் போகாது.

இவ்வளவையும் ரசித்துவிட்டு, அதற்கான விலையைப் பேசாமல் விடுவது நியாயமில்லை. பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு முடிகிறது. 1972-இல் விஸ்கான்சின் எதிர் யோடர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை அவர்களுடைய மத உரிமை என்று ஏற்றது. டாக்டராக நினைக்கும் ஒரு பெண்ணுக்கு அந்த வீட்டில் வழியில்லை. ஞானஸ்நானம் பெற்றபின் வெளியேறுகிறவர்களைச் சபை விலக்கிவைக்கிறது. சொந்தத் தாயோடு ஒரே மேஜையில் உண்ண முடியாமல் போகலாம். ஆனாலும் வளர்ந்தபின் சபையில் சேரும் பிள்ளைகளே மிகப் பெரும்பான்மை.

நிலத்தின் விலை ஏறியதால் பலர் விவசாயத்தை விட்டுத் தச்சுப் பட்டறைக்கும் சிறு கடைகளுக்கும் மாறிவிட்டார்கள். அந்தப் பட்டறையையும் கூடியவரை வீட்டருகிலேயே வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள்.

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம்மவர்களுக்கு லாங்காஸ்டர் எட்டாத தூரமில்லை. உள்ளே பார்க்க ஆசையிருந்தால், சுற்றுலாப் பயணிகளுக்கென்றே திறந்துவைத்திருக்கும் வீடுகள் அங்கே உண்டு. மற்ற வீடுகளில் மனிதர்கள் வாழ்கிறார்கள். தங்கள் முகத்தைப் படமெடுப்பதை அவர்கள் விரும்புவதில்லை. போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள். குதிரை வண்டிக்குப் பின்னால் காரை மெதுவாக ஓட்டுங்கள். சாலையோரக் கடையில் தக்காளியோ ஜாமோ வாங்குங்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேட்காதீர்கள்.