நீதியைப் போதிப்போருக்கு நிலையான இடம் உண்டா?

குற்றம் புரிந்தவனைத் தண்டிப்பது அரசின் கடமை. அத்தண்டனை முறையாக வழங்கப்படுகின்றதா என்று ஆராய்வது அறிஞரின் கடமை. பொலிஸ், நீதிமன்றம், சிறைச்சாலை ஆகிய மூன்றையும் ஒருங்கே ஆராயும் கல்வித்துறையைக் குற்றவியல் நீதி என்பர். அமெரிக்க ஐக்கிய நாட்டின் சர்வகலாசாலைகளில் இத்துறை பெரிதும் வளர்ந்துள்ளது. ஆயினும், அதனைக் கற்பிப்போருட் பலர் ஓராண்டுக்கோ மூன்றாண்டுக்கோ எழுதப்பெற்ற ஒப்பந்தத்தின் பேரிலேயே பணிபுரிகின்றனர். தவணை முடிந்தபின் மீண்டும் அழைப்பு வருமா என்பதை அவர்களே அறியார். இந்நிலை எவ்வாறு உண்டாயிற்று? இதனால் விளையும் நன்மை தீமைகள் யாவை?

இத்துறை அங்கு வேரூன்றக் காரணமாயிருந்தவருள் முதன்மையானவர் ஒரு பொலிஸ் அதிகாரியே. கலிபோர்ணியாவிலுள்ள பேர்க்கிலி நகரின் பொலிஸ் தலைவராயிருந்த ஓகஸ்ற் வோல்மர், தாம் உயர்கல்வி பெறாதவராயினும், பொலிஸாருக்கு உடல் வலிமையோடு கல்வியும் வேண்டும் என்று கருதினார். அவருடைய முயற்சியால் 1916ஆம் ஆண்டிலே கலிபோர்ணியா சர்வகலாசாலையின் கோடைகால வகுப்புகளில் பொலிஸ் கல்வி இடம்பெற்றது. 1950இல் அங்கே குற்றவியலுக்கெனத் தனிக் கல்லூரியே அமைந்தது.

1964இல் நியூயோர்க் நகரச் சர்வகலாசாலை பொலிஸாருக்கென ஒரு கல்லூரியை நிறுவியது. பின்னர் ஜோன் ஜே என்னும் முதலாவது பிரதம நீதியரசரின் பெயரைப் பெற்ற கல்லூரி இதுவே. முறைமாறி வேலைசெய்யும் பொலிஸார் தவறாது வரத்தக்கதாக, ஒரே பாடம் பகலிலும் இரவிலும் நடத்தப்பட்டது.

ஜனாதிபதி ஜோன்சன் நியமித்த ஆணைக்குழு 1967இல், காலப்போக்கிற் பொலிஸார் யாவரும் பட்டம் பெற்றவராய் இருத்தல் வேண்டும் என விதந்துரைத்தது. அடுத்த ஆண்டிலே நிறைவேறிய சட்டம் பொலிஸாரின் படிப்புக்குக் கடனும் உதவிப்பணமும் வழங்க வழிசெய்தது. நாடெங்கும் கல்லூரிகள் விரைந்து புதிய வகுப்புகளைத் திறந்தன. மாணவர் திரண்டனர், ஆசிரியர் எங்கே? ஓய்வுபெற்ற பொலிஸ் அதிகாரிகளும் வழக்கறிஞர்களும் நன்னடத்தை உத்தியோகத்தர்களும் மாலைநேர ஆசிரியராயினர். இவ்வாறு பகுதிநேர ஆசிரியரை அளவுக்கு மிஞ்சி நம்பியிருத்தல் கல்வித்தரத்துக்கு ஊறு என்று, பொலிஸாரின் உயர்கல்வி பற்றி ஆராய்ந்த ஒரு குழுவின் அறிக்கை 1978இல் எச்சரித்தது.

இம்முறையில் நன்மையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. காலையில் நீதிமன்றத்தில் வழக்காடியவர் மாலையில் அதனை விளக்கும்போது, நூலிற் கிடையாத அறிவு மாணவருக்குக் கிட்டுகின்றது. வேறு தொழிலோ ஓய்வூதியமோ உள்ள அவருக்கு இந்த வேதனம் உபரி. ஆனால், கலாநிதிப் பட்டம் பெற்று, கற்பித்தலையே வாழ்க்கையாக வரித்துக்கொண்ட இளைஞருக்கோ அதுவே சீவியம். நியூயோர்க் நகரச் சர்வகலாசாலையில், நெடுங்காலப் போராட்டத்தின் பின், ஒரு பாடத்துக்குக் குறைந்தது 5,500 டொலர் வேதனம் என்று 2019இல் உடன்பாடு காணப்பட்டது. அப்பெருநகரில் அத்தொகையைக் கொண்டு குடும்பம் நடத்துவது எத்துணைக் கடினம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இது ஒரு துறைக்கு மட்டும் நேர்ந்த நிலையன்று. அமெரிக்கப் பேராசிரியர் சங்கத்தின் கணக்குப்படி, 1987இல் ஆசிரியருள் நூற்றுக்கு 47 பேர் அளவினர் நிரந்தரமற்ற நியமனங்களில் இருந்தனர். 2021இல் அத்தொகை 68 ஆக உயர்ந்தது.

எனினும், குற்றவியல் நீதித்துறைக்கு இதனால் நேரும் இழப்பு தனித்தன்மையானது. சிறையினின்று விடுதலையானோர் மீண்டும் குற்றம் புரிகின்றனரா என்பதை அறிய, அவர்களை மூன்றாண்டுகளாயினும் தொடர்ந்து கவனித்தல் ஆய்வாளர் வழக்கம். சிறைக்குள் நுழைய அனுமதி பெறுவதற்கே மாதங்கள் பல கழியும். ஓராண்டு நியமனம் பெற்றவர் இத்தகைய ஆய்வை எங்ஙனம் தொடங்குவார்? வந்த ஆண்டிலேயே அடுத்த உத்தியோகத்துக்கு விண்ணப்பம் எழுதவேண்டியவரல்லரோ அவர்!

இதனினும் பெரிது பேச்சுரிமை. 1940ஆம் ஆண்டில் அச்சங்கமும் கல்லூரிகளின் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட கொள்கை அறிக்கை, ஏழாண்டுக்கு மேற்படாத பரீட்சைக் காலத்தின் பின் ஆசிரியருக்கு நிரந்தர நியமனம் வேண்டும் என்றது. தகுந்த காரணமின்றி அவரை விலக்குதலாகாது என்றும் கூறிற்று. அரசின் செய்கையைக் குறைகூறும் ஆசிரியருக்கு அதுவே கவசம். பேர்க்கிலியில் பொலிஸையும் சிறைமுறையையும் கடுமையாக விமர்சித்த ரொனி பிளாற் என்பவருக்கு 1970களில் நிரந்தர நியமனம் மறுக்கப்பட்டது. கல்லூரியை மூடும் முயற்சியை எதிர்த்து மாணவர் கிளர்ச்சி செய்தனர். எனினும், 1976இல் அக்கல்லூரியே மூடப்பட்டது. நிரந்தரத்தை நோக்கிய பாதையில் இருந்தவருக்கே இக்கதி எனில், ஆண்டுதோறும் புதுப்பித்தலை எதிர்நோக்கும் ஆசிரியர் எவ்வளவு துணிந்து பேசுவார்?

பரிகாரம் இல்லாமலில்லை. நெடுங்காலம் தொடர்ந்து கற்பித்த பகுதிநேர ஆசிரியருக்கு மூன்றாண்டு நியமனம் அளிக்கும் முறையை நியூயோர்க் நகரச் சர்வகலாசாலை 2017இல் தொடங்கியது. இது சிறிதாயினும் நல்ல அடி.

அந்நாட்டுச் சர்வகலாசாலைகளிற் பணிநாடும் நம் மாணவர், பதவியின் பெயரைக் கண்டு மகிழ்வதோடு அமையாது, தவணை எவ்வளவு, புதுப்பிக்கும் வழி உண்டா, வாரத்துக்கு எத்தனை பாடம், ஆய்வுக்கு நேரம் உண்டா என்பவற்றை ஒப்பமிடுமுன் கேட்டறிதல் நலம்.

அஞ்சாது தீர்ப்பளிக்கவேண்டும் என்பதற்காகவே, அந்நாட்டு அரசியலமைப்பு கூட்டாட்சி நீதிபதிகளுக்குத் தவணை வகுக்கவில்லை. நன்னடத்தை உள்ளவரை அவர்கள் பதவியில் இருப்பர். அவர்தம் தீர்ப்புகளை ஆராய்ந்து இளைஞருக்கு உணர்த்தும் ஆசிரியரும் அஞ்சாது பேசவேண்டியவரே. அந்த அச்சமின்மைக்கு ஓராண்டு ஒப்பந்தம் போதுமா என்பதைக் கல்விமான்கள் சிந்திப்பாராக.